பில் மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா? எஸ்பிஎஃப் எத்தனை என்று எண்ணுங்கள்

சொந்த டொமைனிலிருந்து நேற்று வரை ஒழுங்காகப் போன மெயில் இன்று வாடிக்கையாளரின் ஸ்பேமில் கிடக்கிறதா? முதலில் டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை (அங்கே உள்ள உரை வரிகளை) பாருங்கள். எங்கள் கடை டொமைனில் எஸ்பிஎஃப் வரி, அதாவது நம் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி, ஏற்கெனவே ஒன்று இருந்தது. பில் அனுப்ப ஒரு மென்பொருள் வாங்கியபோது, அவர்கள் கொடுத்த வரியையும் அப்படியே கீழே ஒட்டிவிட்டேன். வினை அங்கேதான்.

ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் நல்லதைத் தேடி எடுத்துக்கொள்ளாது. பிழை என்று முடித்துவிடும். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள்: முதல் இன்க்ளூட் (ஒரு மெயில் சேவையை அனுமதிக்கும் பகுதி), ஒரு இடைவெளி, அடுத்த இன்க்ளூட், கடைசியில் ஒரே ஒரு 'ஆல்' (மற்ற எல்லா சர்வர்களையும் குறிப்பது). மிச்ச வரியை அழித்துவிடுங்கள். அதற்காக இன்க்ளூட்களை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஒவ்வொரு இன்க்ளூட்டுக்கும் பெறுகிற சர்வர் டிஎன்எஸ்ஸில் தேட வேண்டும்; அந்தத் தேடல்கள் 10-ஐத் தாண்டினால் அதுவும் பிழைதான்.

அப்புறம், டிடிஎல் நேரம் (பழைய வரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) கழிந்ததும் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு பில் அனுப்பிப் பாருங்கள். கணினியில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால், எஸ்பிஎஃப் பக்கத்தில் 'பாஸ்' தெரிய வேண்டும். மெயிலில் கையெழுத்துபோலச் சேரும் டிகேஐஎம்மின் கதை வேறு. ஒவ்வொரு டிகேஐஎம் ரெக்கார்டையும் அடையாளம் காட்டும் செலக்டர் பெயர் வேறுவேறாக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம்.