கிளை நூலகத்துக்கு உதவப் போய்ச் செய்யும் தவறுகள்

வெள்ளையடிக்கும்போதோ வீடு மாற்றும்போதோதான் பலருக்கு ஊர் நூலகம் நினைவுக்கு வருகிறது. பழைய புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி, சொல்லாமல் கொள்ளாமல் நூலக வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நூலகர் தயங்கினால் 'சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம்' என்று கோபம் வேறு. அவர் சங்கடம் வேறு மாதிரியானது. நன்கொடை நூல் பதிவேட்டில் ஏறி, எண் பெற்று, முத்திரை விழுந்த பிறகுதான் இரவலுக்குப் போகும். ஏறிவிட்டாலோ அரசுச் சொத்து. இருப்புச் சரிபார்ப்பில் காணவில்லை என்றால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். கிழிந்துபோனதை நினைத்தபடி எடைக்குப் போடவும் முடியாது, கழிவு செய்ய முறைப்படி அனுமதி வேண்டும்.

ஆகவே முதலில் பெட்டியை அல்ல, பட்டியலைக் கொண்டுபோங்கள். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு போதும். நூலகர் குறித்துத் தருவதை மட்டும் கொடுங்கள். மாறிப்போன பாடத்திட்டத்துக்கான டிஎன்பிஎஸ்சி கைடுகள் உதவாதவை மட்டுமல்ல, விவரம் தெரியாமல் அதை எடுத்துப் படிக்கிற பிள்ளைக்குக் கெடுதல். ஐந்து தொகுதி நாவலில் மூன்றாவதை மட்டும் கொடுப்பதும் வேண்டாம். சிறுவர் படக்கதைகள்தாம் சீக்கிரம் கிழிந்து தீர்பவை. பட்டியலில் அவை இருந்தால் மேலே எழுதுங்கள்.

வந்த பெட்டியை அன்றே பிரித்து அலமாரியில் அடுக்குவது அடுத்த தவறு. முதுகுப்புற இடைவெளியிலும் கடைசிப் பக்கங்களிலும் மாவு போன்ற தூளோ, ஊசித் துளைகளோ, மண் பூச்சோ இருக்கிறதா என்று பாருங்கள். இராமபாணப் பூச்சியோ கரையானோ ஒரு நூலில் வந்தால் தட்டு முழுக்கப் பரவும். இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, மறுபடி பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. கரையான் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் ஏறும் என்பதால் அலமாரிக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி, கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் அரையடி இடைவெளி அவசியம்.

கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச காலத்தில் பசை பழுத்துத் தாளில் மஞ்சள் கறையாக இறங்கும், டேப்பின் விளிம்பையொட்டியே மறுபடி கிழியும். மெல்லிய தாள் கீற்றும் மைதாப் பசையும் போதும். பூச்சி வராமலிருக்க பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம் என்பதால், பக்கத்தை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளின் நூல்களுக்கு அந்தப் பசை கூடவே கூடாது.

இனி, நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் வாசகர் குழுவான வாசகர் வட்டத்தின் நிகழ்ச்சிகள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதையே மறந்து அழைப்பிதழ் அடிப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு, ஒற்றை அறை நூலகத்தில் ஒலிபெருக்கி வைப்பது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேறு இடமில்லாமல்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் நிகழ்ச்சியே வேண்டாம். மற்ற நாட்களில் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு இருபது குழந்தைகள், நாற்பது நிமிடம் என்பது கைக்கு அடங்கும் அளவு. நாலு வயதுப் பிள்ளையையும் பத்து வயதுப் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் அழுவார், மற்றவர் அடுத்தவர் முதுகில் குத்துவார். கதை முடிந்ததும் பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இழுப்பதற்குள் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும். மாறாக, சொன்ன கதைக்குத் தொடர்புடைய பத்துப் பன்னிரண்டு நூல்களை முன்பே மேசையில் பரப்பி வைத்து, பக்கத்தில் உறுப்பினர் படிவமும் பேனாவும் வையுங்கள். உறுப்பினராகச் சேர என்னென்ன சான்றுகளின் நகல் வேண்டும் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிட்டால் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம். கைதட்டல் எவ்வளவு என்பது கணக்கல்ல. எத்தனை பிள்ளைகள் நூலோடு வீட்டுக்குப் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள் என்பதுதான் கணக்கு. ஃபிளெக்ஸ் பேனருக்கான காசில் ஒருவர் நூலகத்தின் புரவலராக, அதாவது நன்கொடை தந்து ஆதரிப்பவராகச் சேர்ந்திருக்கலாம், அதற்கு ரூ.1000 போதும். ரசீது வாங்க மறக்க வேண்டாம்.

கூரை ஒழுகுகிறது, நாற்காலி இல்லை என்று மனு எழுதுபவர்கள் முகவரியில் தவறுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு வகை நூலகம் இருக்கலாம். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை என்பதால் மனு மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். கிராமங்களுக்கான அரசுத் திட்டமான அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகங்கள் ஊராட்சியின் பொறுப்பு. பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகத்துக்காக நூலகத் துறைக்கு எழுதினால் பதில் வராது.

பணம் இல்லை என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடுவதும் தவறே. தமிழ்நாட்டின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழி, சொத்துவரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம், இப்போது சொத்துவரியில் நூற்றுக்குப் பத்து. உள்ளாட்சி அதை வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இரண்டு மனு போடுங்கள்: உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலரிடம் எவ்வளவு வசூலாகி எவ்வளவு அனுப்பினார்கள் என்று ஒன்று, ஆணைக்குழுவிடம் எவ்வளவு வந்தது என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே நிதியாண்டைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் விடைகளை ஒப்பிட முடியும்.