திரிபலாக் கஷாயமும் பல்லில் படிந்த கறுப்பும்

ஈறு வீக்கத்துக்காக எட்டு வயது மகளைக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாக் கஷாயத்தால் வாய் கொப்பளிக்க வைத்தேன். வீக்கம் தணிந்தது, ஆனால் மூன்றாம் வாரத்தில் முன்பற்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தது. பற்பசையை மாற்றியும், சூரணத்தை வேறு நாட்டு மருந்துக் கடையில் வாங்கியும் பத்து நாள்கள் வீணாயின.

கஷாயம் காய்ச்சிய இரும்புச் சட்டியைக் கழுவும்போதுதான், அடியில் மை போன்ற நீலக்கறுப்பு நீரைக் கண்டேன். கடுக்காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய் மை செய்ததும் இவ்வாறே. அவள் இரும்புச்சத்து டானிக் குடித்ததும் கொப்பளித்த அதே காலை வேளையில்தான்.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறி, கொப்பளிப்பதை இரவுக்குத் தள்ளி, பின்னர் வெறும் நீரால் அலசச் செய்தேன், புதுக்கறை படியவில்லை. பழைய கறையைப் பல் மருத்துவர் மெருகேற்றி நீக்கினார். ஃபுளோரைடு பற்பசையை மட்டும் நிறுத்தவே இல்லை.