சிங்கத்தின் சாவும் தெருநாயின் சளியும்: நாம் செய்யும் தவறுகள்

2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில் சிங்கங்கள் வரிசையாகச் சாகத் தொடங்கின. அக்டோபர் தொடக்கத்துக்குள் கணக்கு 23. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகத்திலேயே அந்த ஒரு வட்டாரத்தில்தான்.

முதலில் சொன்ன காரணம் உட்சண்டை. சிங்கங்கள் எல்லைக்காக அடித்துக்கொள்ளும், புதிதாக வரும் ஆண் சிங்கம் குட்டிகளைக் கொல்லும் என்பது உண்மைதான், அதனால் யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரிகளைச் சோதித்த பிறகுதான் நாய்களைத் தாக்கும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் என்று தெரிந்தது. நாய் வளர்ப்பவர்களுக்குப் பழகிய பெயர். சடலத்தைச் சோதிக்கும் முன்னாலேயே காரணத்தை முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு. அந்த இடைவெளியில் நோய் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

இதே தவறு எதிர்ப்பக்கமாகவும் நடந்திருக்கிறது. 1990களில் பாறு கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரத்தில் உட்கார்ந்திருந்து செத்து விழுந்தபோது, ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் படிந்திருந்தது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குள் போயிருக்கிறது. இது 2004-இல்தான் உறுதியானது. இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல். அதற்குள் வெண்முதுகுப் பாறு கிட்டத்தட்ட துடைத்தெடுத்ததுபோல் ஆகிவிட்டது. நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று பறப்பவை தப்பிப் பிழைத்த சிலவற்றின் வழிவந்தவை.

அடுத்தது, எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவது. கிர் சிங்கங்கள் 2015-இல் 523, 2020-இல் 674, 2025-இல் 891. சந்தோஷமான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் ஒரே மாநிலத்தில், பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ள இடங்களில் இருக்கின்றன. செத்த மாட்டின்மேல் பத்துச் சிங்கம் முகத்தோடு முகம் உரசித் தின்னும். ஒன்று தும்மினால் போதும். சில பிரிவுகளையாவது தொலைவில் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2013-இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குச் சில சிங்கங்களை அனுப்பச் சொன்னது. இன்றுவரை ஒன்றுகூடப் போகவில்லை. என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் பெரியது.

ஒரே ஒரு கிருமியை மட்டும் குற்றவாளியாக்குவதும் சரியில்லை. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994-இல் இதே டிஸ்டெம்பர் சுமார் ஆயிரம் சிங்கங்களை, அதாவது மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வைரஸ் அங்கே சத்தமில்லாமல் வந்துபோயிருக்கிறது. இந்த முறை மட்டும் ஏன்? கடும் வறட்சியில் எருமைகள் மெலிந்து உண்ணி மொய்த்துக் கிடந்தன. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணியால் வரும் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி ஏராளமாகத் தொற்றியது. வைரஸ் எதிர்ப்புச் சக்தியை அடக்க, ஒட்டுண்ணி வேலையை முடித்தது.

சரி, காட்டு விலங்கின் நோய்க்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்? 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காட்டு மாடுகளை வெக்கை நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அது வீட்டு மாடுகளின் நோய். மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டே அதை 2011-இல் உலகத்தைவிட்டு ஒழித்தார்கள். காட்டு விலங்குக்கு ஒரு ஊசிகூடப் போடாமல், சுற்றியுள்ள மாடுகளுக்குப் போட்டதிலேயே செரெங்கெட்டியின் வில்டபீஸ்ட் மான்கள் சில லட்சத்திலிருந்து பத்து லட்சத்தைத் தாண்டின.

டிஸ்டெம்பர் அவ்வளவு சுலபமாக அடங்காது. மாட்டு நோய்க்கு மாடுகள்தான் புகலிடம், இதற்கு அப்படி ஒரே புகலிடம் இல்லை. நாய், நரி, புனுகுப்பூனை என்று பல விலங்குகளில் சுற்றும். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் அமூர் புலிகளை ஆராய்ந்தவர்கள், அங்கே நாய்களுக்கு மட்டும் ஊசி போட்டுப் பயனில்லை, புலிக்கே போட வேண்டும் என்று கண்டார்கள். சிறிய கூட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு புலிகளுக்குப் போட்டாலே அது அழியும் அபாயம் வெகுவாகக் குறையும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே 'நாயைப் பிடித்துக் கொன்றால் போதும்' என்பது கொடுமை மட்டுமல்ல, பலனும் இல்லை. காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வந்து சேரும்.

அதற்காக நாய்களை அப்படியே விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. காட்டோரக் கிராமத்தில் டிஸ்டெம்பர் வந்த ஒரு நாய்க்குட்டியைப் பாருங்கள்: கண்ணில் பீளை ஒட்டி, மூக்கில் மஞ்சள் சளி வழிந்து, எதையோ மெல்வதுபோல் தாடை தானாகத் துடிக்கும். 'ஜன்னி, தானா சரியாயிடும்' என்பார்கள். இந்தக் கட்டம் வந்த குட்டி பிழைப்பது அபூர்வம். அதற்குள் அது எத்தனை இடத்தில் தும்மியிருக்குமோ, இரவில் காட்டோரம் கிடக்கும் செத்த ஆட்டில் எத்தனை விலங்கோடு வாய் வைத்திருக்குமோ.

'எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு' என்று சொல்பவர்களில் பலர் போட்டிருப்பது வெறிநாய்க்கடிக்கான ஊசியை மட்டும். அது டிஸ்டெம்பரைத் தடுக்காது. டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசி தனி. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியைப் பல குட்டிகளில் வேலை செய்ய விடாது, அதனால்தான் அடுத்தடுத்து போடச் சொல்கிறார்கள். அப்புறம் ஓராண்டுக்குள் ஒரு பூஸ்டர்.