வெளி மாநிலத்தில் பழைய படகு வாங்கினால் வரி, பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

"டெலவேரில் விற்பனை வரியே கிடையாது, அங்கே போய் வாங்கிட்டா மிச்சம்." நியூ ஜெர்சியில் படகு ஆசை வந்த நம்மாட்கள் முதலில் சொல்வது இதுதான். ஒரு காசு மிச்சமாகாது. டெலவேர் வசூலிக்காததை, படகை இங்கே பதிவு செய்யப் போகும்போது நியூ ஜெர்சி 'யூஸ் டாக்ஸ்' (வெளியே வாங்கியதை இங்கே பயன்படுத்துவதற்கான வரி) என்று வாங்கிக்கொள்ளும். தனி ஆளிடம் வாங்கினாலும் இதே கதைதான். தனி ஆளிடம் வாங்கும் பல பொருளுக்கு வரி இல்லை என்ற சலுகை படகுக்குக் கிடையாது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியிலிருந்து நியூ ஜெர்சியில் படகுக்குப் பாதி வரிதான்: 6.625க்குப் பதில் 3.3125 சதவீதம். எவ்வளவு விலை உயர்ந்த படகானாலும் வரி 20,000 டாலரைத் தாண்டாது. அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை, விடுங்கள்.

இந்தப் பாதி வரியால்தான் ஃப்ளோரிடாவில் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். என் மைத்துனன் அங்கே ஒரு டீலரிடம் 20 அடிப் படகு ஒன்றை 20,000 டாலருக்குப் பேசி முடித்துவிட்டு, "வரியை இங்கேயே கட்டிடலாம் அத்தான், ஊருக்கு வந்தா கிரெடிட் கொடுத்துடுவாங்களாம்" என்றான். கிரெடிட் கொடுப்பார்கள், அதாவது அங்கே கட்டியதை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வார்கள், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஃப்ளோரிடா வரி 6 சதவீதம், அதாவது 1,200 டாலர். அதன்மேல் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) கூடுதல் வரியும் இருக்கலாம். நியூ ஜெர்சிக்குக் கட்ட வேண்டியது 662.50 டாலர்தான். கிரெடிட் அந்த 662.50 வரைக்கும்தான், மீதி 537.50 போனது போனதுதான், இங்கே யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அதனால் வீட்டு மாநிலத்தின் வரி விகிதம் குறைவாக இருந்தால், வாங்கும் இடத்தில் வரி கட்டாமல் வருவதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஃப்ளோரிடாவில் வழி இருக்கிறது: பதிவு பெற்ற டீலர் மூலம் வாங்கும் வெளி மாநிலத்தவர், உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, 10 நாளுக்குள் படகை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். வழியில் பெட்ரோல் போட்ட ரசீது, இங்கே பதிவு செய்ததற்கான காகிதம் எல்லாம் ஃப்ளோரிடா வரித்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறு மாதத்துக்குப் படகு திரும்ப அங்கே போகவும் கூடாது. குளிர்காலத்தில் மயாமி பக்கம் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

மற்ற மாநிலங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகக்கூட மாறும். வர்ஜீனியாவில் படகு வரி 2 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர். ரோட் ஐலண்டில் 1993 முதல் படகுக்கு விற்பனை வரியே இல்லை. கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25. பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு முகவரி இருக்கும் மாநிலத்தைத்தான்.

பதிவுச் செலவு பெரிய விஷயமே இல்லை. நியூ ஜெர்சியில் 12 அடிக்கு மேல் இருந்தால் டைட்டில் (உரிமைப் பத்திரம்) வேண்டும், அதற்கு 60 டாலர். கடனில் வாங்கினால் இன்னும் கொஞ்சம் கூடும். 16 முதல் 26 அடிக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் 28 டாலர். காகிதம் சரியாக இல்லாமல் அலைவதுதான் உண்மையான செலவு.

ஃப்ளோரிடாவில் தனி ஆளிடம் வாங்கினால், டைட்டில் காகிதமாகக் கையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். அங்கே பலருடைய டைட்டில் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். வெளி மாநிலத்தில் பதிவு செய்ய அச்சிட்ட டைட்டில் தேவை. கடன் பாக்கி இருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதமும் வேண்டும். ஜார்ஜியா போன்ற இடத்தில் படகுக்கு டைட்டிலே கிடையாது. அங்கே பழைய பதிவு அட்டையும் பில் ஆஃப் சேலும்தான் (விற்பவர் எழுதித் தரும் விற்பனைச் சீட்டு) ஆதாரம்.

அப்புறம் படகின் பின்பக்கம் போய்க் குனியுங்கள். பின்சுவரின் வலது மேல் மூலையில் எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட படகின் அடையாள எண் பதிந்திருக்கும். 1984க்குப் பிந்தைய படகு என்றால் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். டைட்டிலோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். சுற்றிலும் புதுப் பெயின்ட் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனி பதிவு, டைட்டிலும் தனியாகத் தேவைப்படலாம். பில் ஆஃப் சேலில் படகு, இன்ஜின், டிரெய்லர் மூன்றுக்கும் விலையையும் சீரியல் எண்ணையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம். பொய் விலைக்குக் கையெழுத்துப் போட்டால் மாட்டுவது நீங்களும்தான்.

டிரெய்லரின் பிளேட்டை ஃப்ளோரிடாவில் விற்பவரே கழற்றி வைத்துக்கொள்வார். பிளேட் இல்லாமல் ஐ-95 நெடுஞ்சாலையில் இழுத்து வர முடியாது. தற்காலிக பிளேட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று அந்தக் கவுண்டியின் டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள். அது சனி, ஞாயிறு திறந்திருக்கும் என்று நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.