மரவள்ளி மாவை வைத்து எல்எஃப்பி பேட்டரித் தூளுக்குக் கார்பன் பூச்சு போடுவது எப்படி?

சேலத்துக் கல்லூரி லேபில் புராஜெக்ட் செய்பவர்கள் கார்பனுக்காக எங்கெங்கோ ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற மரவள்ளி ஸ்டார்ச்சே போதும். ஆனால் வெளுக்காத மாவாகக் கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற வெள்ளைக்காக ரசாயனம் போட்டிருந்தால் அதன் மிச்சம் உங்கள் பேட்டரிக்குள் போகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி, லித்தியம் அயன் பேட்டரியின் நேர்முனைக்காக 1997-ல் விஞ்ஞானி ஜான் குட்எனஃப் குழு வெளியிட்ட பொருள். ஒரு கிராமுக்கு 170 மில்லிஆம்ப் மணி வரை தேக்கலாம் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் வெறும் தூளில் மின்சாரம் ஓடவே மறுக்கும். மேலே சில நானோமீட்டர் கார்பன் ஏறினால் கடத்தல் வருகிறது. சூடாக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருப்பதில்லை, பேட்டரிக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட்டில் இரும்பு கரைவதும் குறைகிறது.

10 கிராம் தூளுக்கு 2 முதல் 3 சதவீதம் கார்பன் போதும். ஸ்டார்ச்சில் 44 சதவீதம் கார்பன் இருந்தாலும் பாதிக்கு மேல் புகையாகப் போய்விடும், மாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கார்பனாகத் தங்கும் என்று வைத்து 1.2 கிராம் மாவில் தொடங்குங்கள். அதிகம் போட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், கார்பன் இடத்தை அடைக்கும், லித்தியம் தேக்காது.

இனி முக்கியமான கட்டம். மாவைப் பச்சைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும், பூச்சு திட்டுத் திட்டாகத்தான் வரும். 50 மில்லி தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள், பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியும், கதர் வேட்டிக்குக் கஞ்சி போடுகிற பதம் அது. அந்தச் சூட்டிலேயே எல்எஃப்பியைக் கொட்டிக் கிளறி, 80 டிகிரியில் கிளறியபடியே வற்றவிடுங்கள். ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறவிட்டுப் போகாதீர்கள், லித்தியம் தண்ணீரில் இறங்கும். காய்ந்ததை அகேட் கல் உரலில் பொடியாக்கி, அலுமினா படகில் (சூடு தாங்கும் படகு வடிவப் பீங்கான் தட்டு) பாதி அளவுக்கு மட்டும் போடுங்கள், ஏனென்றால் ஸ்டார்ச் பொங்கி வழியும்.

டியூப் ஃபர்னஸில், அதாவது குழாய் வடிவ உலையில், ஆர்கான் வாயு விட்டு, உள்ளே இருக்கிற காற்று முழுக்க வெளியேற அரை மணி நேரமாவது கொடுத்த பிறகுதான் சூட்டை ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏற்றி, 300-ல் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், தார் போன்ற புகை அங்கேதான் வரும், கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும், அதனால் வெளிக்குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டே ஆக வேண்டும். அப்புறம் 650 முதல் 700 டிகிரியில் சில மணி நேரம். 800 பக்கம் போனால் கார்பன் பாஸ்பேட்டையே தின்ன ஆரம்பித்து இரும்பு பாஸ்பைடு உருவாகும்.

இறங்கும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஆர்கானை மூடவே கூடாது, கரண்ட் போனாலும் சரி, சூடான கார்பன் காற்றுப் பட்டால் எரிந்துவிடும். உருக்கு உலையில் அடுக்குகிற மேக்னீசியா செங்கல்லிலும் இதே கதைதான், வெள்ளைக்கல் எனும் மேக்னசைட் சுரங்கம் இருக்கிற சேலத்தில் அந்தச் செங்கல்லைத் தெரியாதவர்கள் குறைவு. கசடு ஒட்டாமலிருக்க அதில் கிராஃபைட் சேர்ப்பார்கள், அந்த கிராஃபைட் காற்றுப் பட்டு எரிந்துவிடாமலிருக்க அலுமினியப் பொடியும் சேர்ப்பார்கள்.

வெளியே எடுத்ததும் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் தூள் சீரான கறுப்பாகியிருந்தால் சரி, எங்காவது செம்பழுப்பு தெரிந்தால் காற்று புகுந்து இரும்பு ஆக்சிஜனேறியிருக்கிறது. கொஞ்சம் எடுத்து மாத்திரையாக அழுத்தி மல்டிமீட்டரை வையுங்கள், பூசாத தூளில் மீட்டர் அசையாது, பூசியதில் எண் காட்டும்.

இதே செய்முறையை லித்தியம் கோபால்ட் ஆக்சைடுக்கோ நிக்கல் சேர்ந்த ஆக்சைடுகளுக்கோ அப்படியே செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் கார்பன் ஆக்சிஜனைப் பிடுங்கி உலோகமாக்கிவிடும்.

பூசிய தூளை மறுபடி பால் மில்லில் (உருண்டைகள் மோதி அரைக்கும் இயந்திரம்) போட்டு அடிக்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். சல்லடையில் சலித்து, எலக்ட்ரோடு செய்வதற்கு முன் 120 டிகிரியில் வேக்குவம் அடுப்பில் காயவைத்தால் போதும், குறிப்பாக ஐப்பசி மழைக்காலத்தில், கார்பன் ஈரத்தை நன்றாக இழுக்கும்.