சூரியனை வைத்து வழி போடுங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரியில் இரண்டு நாள் நிலக்காட்சிப் படப் பயணம்

நிலக்காட்சிப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஜெய்சல்மேர் வரை போக வேண்டியதில்லை. வறண்ட நிலம் என்றால் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கின்றன. மொட்டைப் பாறை மலைகள், உழுது போட்ட செம்மண், வெட்டவெளியில் தனியாக நிற்கும் புளியமரம், பாதி வற்றிய ஏரி. இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேல்மண்ணை மழையும் காற்றும் கொண்டுபோய்விட்டதால் பாறை வெளியே தெரிகிறது. அந்தப் பாறைமேல் வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதில்தான் படமே இருக்கிறது.

அதனால் கிலோமீட்டரை வைத்து வழி போடாதீர்கள். சூரியனை வைத்துப் போடுங்கள்.

முதலில், மாதம்

டிசம்பர், ஜனவரிதான் என் தேர்வு. வடகிழக்குப் பருவமழை முடிந்து காற்று கழுவி விட்டதுபோல் இருக்கும், காலையில் பனிமூட்டமும் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். நிழல் காலடியில் சுருங்கிவிடும், பாறை தட்டையாகத் தெரியும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகிறது. காலை ஒன்பது மணிக்குக்கூட நிழல் நீளமாக இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட வசதியான வெளிச்சம் கிடைக்காது.

மார்ச்சில் புழுதியும் வெக்கையும் சேர்ந்து தூரத்து மலைகளை மங்கலாக்கிவிடும். ஆனால் கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்த மாலையில் கேமராவோடு அங்கே இருந்தால் அது பெரிய கொடுப்பினை.

வழி போடுவது

போனில் மேப்பைத் திறந்து, சாட்டிலைட் படத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போக நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேள்வி. நான் எங்கே நிற்பேன்? அங்கிருந்து எந்தத் திசையைப் பார்ப்பேன்? குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் இறங்கும். மே, ஜூனில் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் இறங்கும்.

உதாரணத்துக்கு, கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணை ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறது, அதனால் தேங்கிய நீர் அணைக்கு மேற்கிலும் வடமேற்கிலும் விரிகிறது. அணையிலிருந்து நீரைப் பார்த்து நின்றால், கோடையில் சூரியன் அந்த நீர்ப்பக்கமாகவே இறங்கும். ஜனவரியில் இடதுபுறம் ஒதுங்கி இறங்கும், அப்போது நீரில் மேகத்தின் நிறம்தான் கிடைக்கும். இரண்டும் நல்ல படங்கள்தான், ஆனால் வேறு வேறு படங்கள். எது கிடைக்கும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஜனவரியில் சூரியோதயம் காலை 6.40 வாக்கில், அஸ்தமனம் மாலை 6.10 வாக்கில். இரண்டுக்கும் முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். சூரியன் தெரிவதற்கு முன் வரும் நீல வெளிச்சம் இருபது இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும்.

பையில் என்ன

ஒரு கேமரா, 18-55 மில்லிமீட்டர் போன்ற சாதாரண லென்ஸ், டிரைபாட், போலரைசர் ஃபில்டர், துடைக்க மெல்லிய துணி, தலைவிளக்கு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். போன் மட்டும் இருந்தாலும் கிளம்பலாம், ஒரு சின்ன போன் டிரைபாட் போதும். செம்மண் புழுதி மிக மெல்லியது. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

கேமராவில் வைக்க வேண்டியவை

ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்காத முழுத் தகவலோடு பதியுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 100. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8, அதிகம் போனால் எஃப் 11 (எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்). ஷட்டர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் டிரைபாட் தாங்கிக்கொள்ளும். டைமரை இரண்டு விநாடிக்கு வையுங்கள், விரல் பட்டு அசையாது.

ஃபோகஸில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காலடிக் கல்லும் கூர்மையாக வேண்டும், தூரத்து மலையும் கூர்மையாக வேண்டும். 18 மில்லிமீட்டரில், எஃப் 8-இல், சுமார் இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பொருளில் ஃபோகஸ் வைத்தால், சாதாரணக் கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். மலையில் ஃபோகஸ் வைக்காதீர்கள், முன்னால் இருக்கும் கல் குழம்பிவிடும்.

அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாக எவ்வளவு இருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடம். திரையில் படம் அழகாகத் தெரிகிறது என்று நம்பி நகராதீர்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வானம் வெளுத்துப்போனது என்று அர்த்தம், அதைப் பிறகு மீட்க முடியாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து மறுபடி எடுங்கள். போனில் என்றால் வானத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்து, பூட்டு விழுந்ததும் கொஞ்சம் கீழே இழுங்கள்.

போலரைசர் சூரியனுக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். பாறையின் பளபளப்பையும் இலையின் மினுக்கத்தையும் குறைத்து உண்மையான நிறத்தைக் காட்டும். மிக அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பாதி கருத்து மறுபாதி வெளுத்து வரும், அப்போது கழற்றிவிடுங்கள்.

முதல் நாள்: பாறை

விடியலுக்கு கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்பார்கள், மேலே தர்கா இருக்கிறது. ஏற்றம் செங்குத்து, இருட்டில் தனியாக ஏற வேண்டாம். உச்சியிலிருந்து அடுக்கடுக்காக மலைகள் தெரியும். அங்கே போனவுடன் எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் அடைக்க ஆசை வரும். அடைத்தால் ஒன்றுமே பெரிதாகத் தெரியாது. லென்ஸை 55-க்குத் திருப்பி, பனிக்கு மேல் எழும் இரண்டு மூன்று முகடுகளை மட்டும் எடுங்கள். கிட்டத்து முகடு கருப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அடுத்தது வெளிர்நீலம். தூரம் என்பது படத்தில் இப்படித்தான் தெரியும்.

பிறகு திரும்பி நின்று, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். முதல் வெளிச்சம் விழும் பாறைகள் அங்கேதான் சிவக்கும். எல்லோரும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நல்ல படம் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

நண்பகல் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும். ராயக்கோட்டை வரை வண்டியை ஓட்டுங்கள். வழியில் தக்காளிக் கொல்லையோ கேழ்வரகு அறுத்துப் போட்ட களமோ கண்ணில் படும். இறங்கும் முன் "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கேட்டவரை மறுத்துப் பார்த்ததில்லை. பெரும்பாலும் எங்கே நின்றால் மலை நன்றாகத் தெரியும் என்பதையும் அவர்களே காட்டிவிடுவார்கள்.

ராயக்கோட்டை மலைக்கோட்டையை மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஆங்கிலேயர் பிடித்தார்கள். மூன்றரை மணிக்கு ஏறத் தொடங்குங்கள். சாய்ந்த வெயிலில் இடிந்த மதிலின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மதிலை முன்னால் வைத்து, பள்ளத்தாக்கைப் பின்னால் விட்டு, அகலமாக எடுங்கள். இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். அதே நாளில் அணையையும் சேர்க்கப் பார்க்காதீர்கள், ஒரு மாலைக்கு ஓரிடம்.

இரண்டாம் நாள்: நீர்

இரவு தருமபுரியில் தங்கினால் ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி. கிளம்பும் முன் செய்தியில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று பாருங்கள். கர்நாடக அணைகளிலிருந்து அதிகம் திறந்துவிட்டால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். நீர் குறைவாக இருக்கும் காலத்தில்தான் பாறையின் செதுக்கல்கள் வெளியே தெரியும், படத்துக்கு அதுவே மேல்.

ஆற்றிடுக்கில் நேர் வெயில் இறங்குவதற்குள் எடுத்து முடியுங்கள். வெயில் வந்துவிட்டால் நுரை வெளுத்து, பாறை கருத்து, இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற முடியாது. அருவியைப் பட்டுபோல் காட்ட கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) 1/60 விநாடி ஷட்டர் சுமார் ஒரு விநாடியாக நீளும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸில் சாரல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது, டிரைபாடை விரிக்கவும் கூடாது. அங்கே கையில் பிடித்து, 1/500 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுங்கள். வழுக்குப் பாறையின் விளிம்புக்குப் போகவே வேண்டாம். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

ஒதுங்க வேண்டிய இடங்கள்

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுச் சாலைகள் மிக அழகானவை. ஆனால் மழைக்குப் பிறகு, கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. விடியலிலும் அந்தியிலும் அங்கே வண்டியை விட்டு இறங்காதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தொப்பூர்க் கணவாயில் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாலையோரம் நிறுத்தாதீர்கள், சரக்கு லாரிகள் பிரேக் பிடித்தபடி இறங்கும் சரிவு அது.

அன்றிரவே

கார்டில் உள்ளதை லேப்டாப்பிலும் இன்னொரு டிரைவிலும் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். திருத்தும்போது முதலில் வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), அடுத்து நிழல்களைக் கொஞ்சம் ஏற்றுவது. செம்மண்ணின் சிவப்பைக் கூட்டாதீர்கள். ஏற்கெனவே அது சிவப்புதான், இன்னும் கூட்டினால் பாறைகளும் ஆரஞ்சாகிவிடும்.