பத்து ஆண்டில் எத்தனையை விட்டுக்கொடுப்பீர்கள்? உடல்நல மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீடு. ஒவ்வோர் உடல்நல நிலைக்கும் மக்கள் என்ன மதிப்பு தருகிறார்கள் என்று அளக்கும் ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கடும் வலியோடு பத்து ஆண்டுகள் வாழ்வதும், முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதும் எந்த இடத்தில் உங்களுக்குச் சமமாகப்படும் என்று கேட்டேன். ஓர் ஆண்டைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “ஆயுள் முருகன் போட்ட கணக்கு, தம்பி. அதில் நான் எப்படிக் கை வைப்பேன்?” என்றார்.

மரணத்துக்கு 0, முழு நலத்துக்கு 1 என்று வைக்கும் அளவுகோலில் இந்த விடை 1 என்று பதிவாகும். அதாவது முழு நலத்துக்கு நிகர். ‘கேள்வி புரியவில்லை’ என்று சொல்லி இத்தகைய விடைகளை நீக்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. லேசான நிலையைவிடக் கடுமையான நிலைக்கு ஒருவர் கூடுதல் மதிப்பு தந்தால் புரிதலைச் சந்தேகிக்கலாம். இந்த அம்மாவோ தெளிவாகப் பேசினார். அவரைப் போன்றவர்களை நீக்கினால் சராசரி கீழே இறங்கும். ஆயுளை இறைவன் கையில் விட்டிருக்கும் மக்களின் குரலே கணக்கில் இல்லாமல் போகும். காரணத்தைக் குறித்து வையுங்கள். நீக்கியும் நீக்காமலும் கணக்கிட்டு, இரண்டையும் வெளியிடுங்கள்.

எதிர்முனையில் இன்னொரு பிழை இருக்கிறது. ‘இப்படி வாழ்வதைவிட இறப்பதே மேல்’ என்பவருக்கு, அந்த நிலைக்கு முன்னால் பத்து ஆண்டு முழு நலத்தைச் சேர்த்துக் கேட்கிறோம். அந்தப் பத்தையும் அவர் விட்டுக்கொடுத்தால் மதிப்பு -1. அங்கே தீர்ந்துபோவது நம் கேள்விதான். கையில் இன்னும் ஆண்டுகள் இருந்தால் அவர் அவற்றையும் கொடுத்திருக்கக்கூடும். ஆகவே -1 என்பதை ‘-1 அல்லது அதற்கும் கீழே’ என்றுதான் படிக்க வேண்டும். அதைச் சரியான அளவாக எடுத்துக்கொண்டால் கொடிய நிலைகள் உள்ளதைவிட லேசாகத் தெரியும், அவற்றைத் தணிக்கும் சிகிச்சையின் பயனும் சுருங்கிவிடும். எல்லையில் வெட்டுப்பட்ட தரவுக்கென்றே டோபிட் (Tobit) என்ற புள்ளியியல் மாதிரி இருக்கிறது.

நூறு பேரிடம் பத்துப் பத்துக் கேள்விகள் கேட்டால் ஆயிரம் தரவு வரிகள் கிடைக்கும், ஆயிரம் பேர் கிடைக்க மாட்டார்கள். ஒருவருடைய பத்து விடைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மறந்தால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகும்.

ஒருவரின் உடல்நல நிலையை விவரிக்கும் ஈக்யூ-5டி-5எல் (EQ-5D-5L) வினாத்தாளில் நடமாட்டம், தன் பராமரிப்பு, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை என ஐந்து கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலைகள்; மொத்தம் 3125 நிலைகள். ஒவ்வொரு நிலையையும் ஐந்து இலக்கங்களால் குறிப்போம்; 1 என்றால் சிரமமே இல்லை, 5 என்றால் மிகக் கடுமை. அந்த இலக்கங்களைக் கூட்டி மதிப்பாக்குவோர் இருக்கிறார்கள். 11115, 31311 இரண்டின் கூட்டுத்தொகையும் 9 தான். முதலாமவர் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளைத் தடையின்றி ஏறுவார், ஆனால் தாங்க முடியாத மனக்கவலையில் இருப்பார். இரண்டாமவர் அமைதியானவர், நடக்கவும் அன்றாட வேலைகளைச் செய்யவும் சிரமப்படுவார். இருவரையும் ஒன்றாக்க எந்த நியாயமும் இல்லை.

இரண்டு நிலைகளைக் காட்டி ‘எது மேல்?’ என்று மட்டும் கேட்கும் முறையில் வரிசை கிடைக்கும். மரணத்துக்கான 0 எங்கே என்பது கிடைக்காது. ஆண்டுக் கேள்வியின் விடைகளோடு பிணைத்த பிறகே அந்த எண்களைப் பயன்படுத்துங்கள். இங்கிலாந்து மதிப்புகளை இரவல் வாங்கவும் தேவையில்லை. ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பைத் தரும் மலேசியாவுக்கான தொகுப்பு 2019 இல் வெளிவந்துவிட்டது.

சில பிழைகளை எந்த மாதிரியாலும் திருத்த முடியாது. உண்மையான கேள்விகளுக்கு முன், கேள்வி முறையைப் பழக்குவதற்காகச் சக்கர நாற்காலியில் வாழும் நிலையை எடுத்துக்காட்டாக வைத்துப் பொறுமையாக விளக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடித்தால் அந்தப் பேட்டியின் தரமே கேள்விக்குள்ளாகும். ஒரு வாரம் வீடு திரும்பும் அவசரத்தில் அதை நான் ஓட்டிவிட்டேன். பேட்டியாளர் வாரியாகத் தரவைப் பிரித்தபோது, என் பக்கத்தில் மட்டும் விடைகள் 0, 0.5, 1 என்ற மூன்று இடங்களில் குவிந்திருந்தன. அவை என் அவசரம் பெற்ற விடைகள். அந்தப் பேட்டிகளை நீக்கிவிட்டு, நான் மறுபடி பயிற்சிக்குப் போனேன்.